எஃப்எஸ்டேப் பிழையால் பூட் ஆகாத லினக்ஸ் கணினி: முழுமையான வழிகாட்டி

கறுப்புத் திரையில் எமர்ஜென்சி மோட் என்று வந்து லினக்ஸ் நின்றுவிட்டால், பலர் உடனே பென் டிரைவைத் தேடி எடுத்து எல்லாவற்றையும் புதிதாக இன்ஸ்டால் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெரும்பாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கும். உங்கள் படங்கள், புராஜெக்ட்டுகள் எதுவும் போயிருக்காது. எந்தப் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) எந்த ஃபோல்டரில் பொருத்த வேண்டும் என்று பட்டியலிடும் /ஈடிசி/எஃப்எஸ்டேப் என்ற சின்னக் கோப்பில் ஒரு வரி, இப்போது இல்லாத ஒரு பார்ட்டிஷனைக் கேட்டுக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வரியைக் கண்டுபிடித்து முடக்கினால் கணினி எழுந்துவிடும். ஏன் அந்த வரி கெட்டது என்பதை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

சிஸ்டம்டி (கணினியை எழுப்பி சர்வீஸ்களைத் தொடங்கும் நிரல்) இயங்கும் உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஆர்ச் எல்லாவற்றுக்கும் இங்கே சொல்வது பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்; எஃப்எஸ்டேப்பில் வரும் யுயுஐடி= மட்டும் பேரெழுத்தில்.

ஒரு வரி ஏன் மொத்தக் கணினியையும் நிறுத்துகிறது

எஃப்எஸ்டேப்பின் ஒரு வரி இப்படி இருக்கும்:

யுயுஐடி=(36 எழுத்து அடையாளம்)  /டேட்டா  இஎக்ஸ்டி4  டீஃபால்ட்ஸ்  0  2

மொத்தம் ஆறு பகுதிகள். எந்தப் பார்ட்டிஷன் (யுயுஐடி என்ற அடையாள எண்ணால் சொல்வது), அதை எந்த ஃபோல்டரில் பொருத்த (மவுன்ட் செய்ய) வேண்டும், என்ன வகை ஃபைல் சிஸ்டம், என்னென்ன விருப்பங்கள், பழைய டம்ப் பேக்கப் நிரலுக்கான எண், ஃபைல் சிஸ்டத்தில் பிழை தேடும் எஃப்எஸ்சிகே சோதனையின் வரிசை. ஐந்தாவதை 0 என்றே விட்டுவிடலாம். ஆறாவது ரூட் பார்ட்டிஷனுக்கு (லினக்ஸ் இருக்கும் முதன்மைப் பார்ட்டிஷன்) 1, மற்றவற்றுக்கு 2, சோதனையே வேண்டாமென்றால் 0.

பூட் ஆகும்போது சிஸ்டம்டி இந்த வரிகளைப் படித்து ஒவ்வொன்றையும் ஒரு மவுன்ட் யூனிட்டாக மாற்றிக்கொள்கிறது. /டேட்டா என்ற வரிக்கு டேட்டா.மவுன்ட் என்று யூனிட் உருவாகும். நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால், அந்த யூனிட் லோக்கல்-எஃப்எஸ்.டார்கெட் என்ற கட்டத்துக்குக் கட்டாயத் தேவையாகிவிடும். டிஸ்க் வரும் வரை 90 விநாடி காத்திருக்கும். வராவிட்டால் அந்தக் கட்டம் தோற்கும். அது தோற்றால் எமர்ஜென்சி மோடுக்குப் போ என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கட்டாயமான ஒரு டிஸ்க் இல்லாமல் மேலே போனால் டேட்டாபேஸோ மெயில் சர்வரோ வெற்று ஃபோல்டரில் எழுதத் தொடங்கிவிடும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. வீட்டு லேப்டாப்பில் பாட்டுக் கோப்புகள் இருக்கும் இரண்டாவது டிஸ்க்குக்கும் அதே கண்டிப்பு பொருந்துவதுதான் நமக்கு வரும் தொல்லை.

முதல் படி: திரையைப் படியுங்கள்

எழுத்துகள் வேகமாக ஓடிவிட்டால் ஃபோனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள். எஃப்எஸ்டேப் பிரச்சினைக்கென்று ஒரு முகம் உண்டு. முதலில் ‘எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங் ஃபார்’ என்று ஒரு வரி; அதன் வலதுபக்கம் விநாடிகள் ஏறிக்கொண்டே 1 நிமிடம் 30 விநாடியை நோக்கிப் போகும். அது முடிந்ததும் ‘டைம்ட் அவுட் வெயிட்டிங் ஃபார் டிவைஸ்’, அதன் கீழே ‘டிபென்டன்சி ஃபெயில்ட் ஃபார் /டேட்டா’ என்று வரும். எந்த ஃபோல்டர் என்று அங்கேயே பெயர் சொல்லிவிடுகிறது. அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்தது.

இதற்கு முன்பே, இனிட்ராம்எஃப்எஸ் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு பிராம்ப்ட் வந்து நின்றாலோ, ‘அலர்ட்! யுயுஐடி டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று வந்தாலோ, அது வேறு விஷயம். ரூட் பார்ட்டிஷனே கிடைக்கவில்லை என்று அர்த்தம். ரூட் பார்ட்டிஷனின் முகவரி, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற பூட் நிரல் கொடுக்கும் கெர்னல் வரியிலிருந்து வருகிறது. எஃப்எஸ்டேப்பைத் திருத்தி மட்டும் பயனில்லை. கேபிள், பயாஸில் டிஸ்க் தெரிகிறதா, கிரப்பில் உள்ள ரூட்= மதிப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

இரண்டாவது படி: உள்ளே நுழைவது

எமர்ஜென்சி மோடில் மெயின்டனன்ஸுக்கு ரூட் பாஸ்வேர்டு கேட்கும். இங்கே கேட்பது ரூட் என்ற நிர்வாகக் கணக்கின் பாஸ்வேர்டு. உங்கள் தினசரி லாகின் பாஸ்வேர்டை அடித்தால் ஏற்காது. தெரிந்தால் அடித்து உள்ளே போய்விடுங்கள். கன்ட்ரோல்-டி அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து முயன்று, பெரும்பாலும் இதே இடத்துக்குத்தான் திரும்பி வரும்.

சில கணினிகளில் ‘ரூட் அக்கவுன்ட் இஸ் லாக்ட்’ என்று சொல்லிக் கதவையே திறக்காது. டெபியன் இன்ஸ்டால் செய்யும்போது ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டவர்களுக்கு இது நேரும். அப்போது கிரப் வழியாகத்தான் போக வேண்டும்.

கணினியை ஆன் செய்ததும் பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள், யுஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பைத் தட்டுங்கள். கிரப் மெனு வந்ததும் ‘எடிட்’ என்பதன் முதலெழுத்து விசையை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீளமான வரியைத் தேடுங்கள். அதில் ‘கொயட்’, ‘ஸ்பிளாஷ்’ இருந்தால் எடுத்துவிடுங்கள். செய்திகள் கண்ணுக்குத் தெரியும். ‘ஆர்ஓ’ என்பதை ‘ஆர்டபிள்யூ’ என்று மாற்றுங்கள். பிறகு வரியின் கடைசியில் இரண்டில் ஒன்றைச் சேருங்கள்.

முதலாவது: எஃப்எஸ்டேப்=நோ

இது எஃப்எஸ்டேப்பில் உள்ள மவுன்ட், ஸ்வாப் எல்லாவற்றையும் கண்டுகொள்ளாதே என்று சிஸ்டம்டியிடம் சொல்கிறது. கணினி வழக்கம்போல எழும். உங்கள் சொந்த லாகினில் நுழைந்து சூடோவோடு வேலை பார்க்கலாம். பலருக்குத் தெரியாத விருப்பம் இது. நான் முதலில் பரிந்துரைப்பதும் இதைத்தான். /ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் மட்டும் டெஸ்க்டாப் வராமல் தடுமாறலாம்; அப்போது கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி எழுத்துத் திரையில் லாகின் செய்யுங்கள்.

இரண்டாவது: இனிட்=/பின்/பாஷ்

இது சிஸ்டம்டியே வராமல் நேரே ஒரு ரூட் ஷெல்லைக் கொடுக்கும். பாஸ்வேர்டு கேட்காது. ஆனால் இங்கே வழக்கமான ரீபூட் கட்டளை வேலை செய்யாது. திருத்தி முடித்ததும் ‘சிங்க்’ அடித்து, பிறகு ‘ரீபூட் -எஃப்’ அடிக்க வேண்டும்.

கன்ட்ரோல்+எக்ஸ் அல்லது எஃப்10 அழுத்தினால் பூட் தொடங்கும். கிரப்பில் செய்த மாற்றம் இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், அதனால் பயமில்லை. சிலர் ரெஸ்க்யூ.டார்கெட் என்ற மீட்பு நிலையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதுவும் லோக்கல் டிஸ்க்குகளை மவுன்ட் செய்யப் போய் அதே 90 விநாடியில் மாட்டும்.

எதுவுமே நடக்காவிட்டால் லைவ் யுஎஸ்பி, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ். அதில் எழுந்து ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ அடித்து ரூட் பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து /எம்என்டியில் மவுன்ட் செய்து, /எம்என்டி/ஈடிசி/எஃப்எஸ்டேப்பைத் திருத்துங்கள். லைவ் சிஸ்டத்துக்கென்று ஒரு /ஈடிசி/எஃப்எஸ்டேப் உண்டு. அவசரத்தில் அதைத் திருத்திவிட்டு ரீபூட் செய்தால் எதுவும் மாறாது. டிஸ்க் லக்ஸ் என்ற குறியாக்கத்தில் பூட்டியிருந்தால் முதலில் ‘கிரிப்ட்செட்டப் ஓப்பன்’, எல்விஎம் என்ற வால்யூம் மேலாண்மையில் இருந்தால் ‘விஜிசேஞ்ச் -ஏஒய்’. ஃபெடோராவின் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் மவுன்ட் செய்யும்போது ‘-ஓ சப்வால்=ரூட்’ சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால் ரூட், ஹோம் என்று இரண்டு ஃபோல்டர் மட்டும் தெரிந்து குழப்பும்.

மூன்றாவது படி: குற்றவாளி வரியைப் பிடிப்பது

உள்ளே நுழைந்ததும் ரூட் பார்ட்டிஷன் எழுதக்கூடிய நிலையில் இருக்கட்டும்:

மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /

திரையில் ஃபோல்டர் பெயரைப் பார்க்கத் தவறியிருந்தால் லாகில் தேடலாம். பலர் ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்’ அடித்து, பட்டியல் காலியாக இருப்பதைப் பார்த்துக் குழம்புவார்கள். டிஸ்க் வராமல் போனதால் நின்ற மவுன்ட், தோற்ற யூனிட்டாகக் கணக்கில் வராது. அது தொடங்கவே இல்லை என்றுதான் பதிவாகும். அதனால் எமர்ஜென்சி மோடில் இருக்கும்போது இதைப் பாருங்கள்:

ஜர்னல்சிடிஎல் -பி | கிரெப் -ஐ -இ ‘டைம்ட் அவுட்’ -இ ‘டிபென்டன்சி ஃபெயில்ட்’

இப்போது கணினியில் உண்மையாக இருக்கும் டிஸ்க்குகளையும் எஃப்எஸ்டேப் கேட்பவற்றையும் ஒப்பிட வேண்டும். இதற்கு ஒரே கட்டளை போதும்:

ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை --வெர்போஸ்

எஃப்எஸ்டேப்பின் ஒவ்வொரு வரியாக எடுத்து, அந்த யுயுஐடி இருக்கிறதா, ஃபோல்டர் இருக்கிறதா, ஃபைல் சிஸ்டம் வகை பொருந்துகிறதா என்று சொல்லும். அதோடு ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது படி: முடக்கி, எழுப்புவது

திருத்துவதற்கு முன் ஒரு நகல்:

சிபி /ஈடிசி/எஃப்எஸ்டேப் /ஈடிசி/எஃப்எஸ்டேப்.பழையது

கோப்புப் பெயர் எதுவாகவும் இருக்கட்டும், நகல் இருக்க வேண்டும். பிறகு நேனோ என்ற எடிட்டரில் திறந்து, குற்றவாளி வரியின் முன்னால் # குறி போடுங்கள். வரியை அழிக்காதீர்கள், பழைய யுயுஐடி பிறகு தேவைப்படும். ரூட் வரியை, அதாவது இரண்டாவது பகுதியில் / மட்டும் இருக்கும் வரியைத் தொடாதீர்கள். சேமித்த பிறகு:

சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்
சிஸ்டம்சிடிஎல் டீஃபால்ட்

கணினி அங்கிருந்தே தொடர்ந்து எழும். தயங்கினால் ‘சிஸ்டம்சிடிஎல் ரீபூட்’. டெஸ்க்டாப் வந்துவிட்டதென்றால் அவசரம் முடிந்தது. முதல் வேலையாக முக்கியமான கோப்புகளுக்கு ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, காரணத்தைத் தேடலாம்.

காரணம் எங்கே இருக்கும்

அதிகம் நடப்பது யுயுஐடி மாறிப்போவது. யுயுஐடி என்பது டிஸ்க்கின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஃபைல் சிஸ்டத்தின் அடையாளம். ஃபார்மேட் செய்தால் புதிதாகப் பிறக்கும். அதே டிஸ்க், அதே பார்ட்டிஷன், அதே அளவு, ஆனால் எஃப்எஸ்டேப் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். ‘பிஎல்கேஐடி’ அடித்துப் புதிய எண்ணை எடுத்துப் போடுங்கள். கையால் பார்த்து எழுதாமல் காப்பி செய்யுங்கள். பிஎல்கேஐடி வெளியீட்டில் யுயுஐடி, பார்ட்யுயுஐடி என்று இரண்டு இருக்கும். இரண்டாவதை எடுத்து முதலாவதின் இடத்தில் போட்டுவிட்டு மணிக்கணக்காகத் தேடுபவர்கள் உண்டு.

யுயுஐடிக்குப் பதிலாக /டெவ்/எஸ்டிபி1 போன்ற பெயரை எழுதியிருந்தால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் மாட்டும். அந்தப் பெயர்கள் கெர்னல் டிஸ்க்குகளைக் கண்டுபிடிக்கும் வரிசையில் வருபவை. ஒரு பென் டிரைவைச் செருகியபடி ஆன் செய்தாலே எஸ்டிபி எஸ்டிசி ஆகிவிடலாம்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சங்கதிகள். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யும்போது இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஃபார்மேட் ஆகியிருந்தால், அதன் யுயுஐடியும் மாறியிருக்கும். அது ஃபேட் வகை என்பதால் 4821-9035 போல எட்டே இலக்கம், நடுவில் ஒரு கோடு. லைவ் யுஎஸ்பியில் கிரப்பை மீட்டவர்கள் ‘எல்லாம் சரி’ என்று ரீபூட் செய்தால், /பூட்/இஎஃப்ஐ வரி பழைய எண்ணைக் கேட்டு எமர்ஜென்சி மோடில் நிறுத்தும். கிரப்பை மீட்டால் எஃப்எஸ்டேப்பையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை மூடாமல் விட்டிருக்கும். கெர்னல் 5.15 முதல் வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர், வால்யூம் டர்ட்டி என்று சொல்லி மவுன்ட் செய்ய மறுத்துவிடும். ஃபோர்ஸ் விருப்பம் கொடுத்து மிரட்டி ஏற்ற வேண்டாம், கோப்புகள் கெடலாம். விண்டோஸில் அட்மின் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்’ கொடுத்து, முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள்.

தட்டச்சுப் பிழைகளில் முதலிடம் ‘டீஃபால்ட்ஸ்’ என்பதில் கடைசி எஸ் விடுபடுவது. ரூட் வரியில் இது நடந்தால் எமர்ஜென்சி மோட் வராமல், கணினி எழுந்தும் எதையும் சேமிக்க முடியாமல் ரூட் ரீட்-ஒன்லியாகவே நிற்கக்கூடும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் அதை \040 என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் பகுதிகள் எல்லாம் ஒன்று தள்ளிப் போய்விடும்.

‘அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப் விஃபேட்’ என்று வந்தால் எஃப்எஸ்டேப்பைச் சந்தேகிக்காதீர்கள். ‘யுநேம் -ஆர்’ காட்டும் கெர்னல் எண்ணையும் /லிப்/மாட்யூல்ஸில் இருக்கும் ஃபோல்டர் பெயரையும் ஒப்பிடுங்கள். /பூட் மவுன்ட் ஆகாமல் இருந்தபோது கெர்னலை அப்டேட் செய்திருந்தால், பழைய கெர்னல் எழுந்து தன் மாட்யூல்களைத் தேடும்; அவை நீக்கப்பட்டிருக்கும். ஆர்ச் பயனாளர்களுக்கு இது பழக்கமான கதை. லைவ் யுஎஸ்பியில் /பூட்டைச் சரியாக மவுன்ட் செய்து, குரூட் கட்டளையால் உங்கள் சிஸ்டத்துக்குள் போய், கெர்னல் தொகுப்பை மறுபடி நிறுவினால் தீரும்.

ஸ்வாப் பார்ட்டிஷன் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) காணாமல் போனால் கணினி நிற்காது. ஒவ்வொரு தடவையும் 90 விநாடி தாமதிக்கும். ‘எம்கேஸ்வாப்’ அடித்தால் அதன் யுயுஐடியும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். உபுண்டு, டெபியனில் /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் என்ற கோப்பிலும் பழைய எண் இருக்கக்கூடும். திருத்திவிட்டு ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’ கொடுங்கள்.

யுயுஐடி சரி, வரி சரி, டிஸ்க்கும் தெரிகிறது, ஆனாலும் ஏறவில்லை என்றால் எஃப்எஸ்சிகே தோற்றிருக்கலாம். ‘ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி’ என்று திரையிலேயே சொல்லும். இங்கே மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள். ‘டிஎம்இஎஸ்ஜி’ அடித்து ஐ/ஓ எரர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிஸ்க்கே சாகத் தொடங்கியிருக்கலாம். சாகிற டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே ஓட்டினால் மிச்சமிருப்பதும் போகும். டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, அந்த நகலில் சோதியுங்கள். எரர் இல்லையென்றால், மவுன்ட் ஆகாத நிலையில் ‘எஃப்எஸ்சிகே’ ஓட்டலாம். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு எஃப்எஸ்சிகே எதுவும் செய்யாது, ‘எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்’ வேண்டும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ‘செக் --ரிப்பேர்’ பக்கமே போகாதீர்கள், அது கடைசிப் புகலிடம்.

ஐந்தாவது படி: சரியான வரியை எழுதுவது

இல்லாவிட்டாலும் கணினி ஓடும் என்கிற எந்த டிஸ்க்குக்கும் இப்படி எழுதுங்கள்:

டீஃபால்ட்ஸ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ்

நோஃபெயில் இருந்தால் டிஸ்க் வராவிட்டாலும் பூட் தொடரும். டைம்அவுட் 90 விநாடிக் காத்திருப்பை 10 ஆக்கும். வெளி ஹார்ட் டிஸ்க், இரண்டாவது டிஸ்க், என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் எல்லாவற்றுக்கும் இது போதும். எப்போதோ ஒருமுறை தேவைப்படும் டிஸ்க் என்றால் ‘நோஆட்டோ,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட்’ இன்னும் நல்லது. அந்த ஃபோல்டரைத் திறக்கும்போதுதான் மவுன்ட் ஆகும். ஐஸ்கசி போல நெட்வொர்க் வழியாக வரும் டிஸ்க்குக்கு ‘_நெட்டெவ்’ சேருங்கள்.

நோஃபெயிலுக்கும் ஒரு விலை உண்டு. டிஸ்க் ஏறாத நாளில் யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். பேக்கப் நிரல் இரவில் ஓடி, /டேட்டா என்ற வெற்று ஃபோல்டரில் எழுதி, ரூட் பார்ட்டிஷனை நிரப்பிவிடும். இதைத் தடுக்க, டிஸ்க் மவுன்ட் ஆகாத நிலையில் அந்த ஃபோல்டரைப் பூட்டுங்கள்:

சிஎச்ஆட்டர் +ஐ /டேட்டா

இனி டிஸ்க் இல்லாதபோது அங்கே ரூட்டால்கூட எழுத முடியாது. டிஸ்க் ஏறியதும் வழக்கம்போல எழுதலாம். அந்த டிஸ்க்கை நம்பி ஒரு சர்வீஸ் ஓடுகிறதென்றால், அதன் யூனிட்டில் ‘ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்=/டேட்டா’ என்று சேருங்கள் (இதில் மூன்று சொற்களின் முதலெழுத்தும் பேரெழுத்து). நோஃபெயில் வந்துவிட்டால் டிஸ்க் ஏறும் வரை பூட் காத்திருக்காது என்பதால், சர்வீஸ் முந்திக்கொள்ள வாய்ப்பு உண்டு.

ஆறாவது படி: ரீபூட்டுக்கு முன் சோதிப்பது

எஃப்எஸ்டேப்பைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் இந்த வரிசையில்:

ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை
சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்
மவுன்ட் -ஏ
ஃபைண்ட்எம்என்டி /டேட்டா

டீமன்-ரீலோடை விட்டுவிட்டால் ஒரு வினோதம் நடக்கலாம். மவுன்ட் வெற்றி என்று காட்டும், அடுத்த நொடியே சத்தமில்லாமல் கழன்றுவிடும். சிஸ்டம்டி இன்னும் பழைய வரியையே மனதில் வைத்திருப்பதால், இல்லாத டிஸ்க்கோடு கட்டிய யூனிட்டை இறக்கிவிடுகிறது.

‘மவுன்ட் -ஏ’ பிழை காட்டவில்லை என்பதை மட்டும் நம்பவும் கூடாது. ஏற்கெனவே ஏறியிருக்கும் ஃபோல்டர்களை அது தொடாது. ஏறியிருக்கும் /டேட்டாவின் வரியைத் தப்பாக மாற்றியிருந்தாலும் அமைதியாகத் தாண்டிவிடும். அதனால் முதலில் ‘யுமவுன்ட் /டேட்டா’ செய்துவிட்டு ‘மவுன்ட் /டேட்டா’ கொடுங்கள். ஸ்வாப் வரிகளையும் அது பார்க்காது, அதற்கு ‘ஸ்வாப்ஆன் -ஏ’.

தொலைவில் இருக்கும் சர்வர் என்றால்

எமர்ஜென்சி மோடில் நெட்வொர்க் வராது, எஸ்எஸ்எச்சும் வராது. கிளவுட் நிறுவனத்தின் சீரியல் கன்சோல் இருந்தால் அதில் நுழைந்து மேலே சொன்னபடியே செய்யலாம். இல்லாவிட்டால் சர்வரை நிறுத்தி, அதன் ரூட் டிஸ்க்கைக் கழற்றி, நல்ல நிலையில் ஓடும் இன்னொரு சர்வரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டுங்கள். அங்கே மவுன்ட் செய்து எஃப்எஸ்டேப்பைத் திருத்தி, பழையபடி மாட்டி ஆன் செய்யுங்கள். இரண்டு சர்வரும் ஒரே இமேஜிலிருந்து வந்தவை, ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால் யுயுஐடி இரண்டும் ஒன்றாக இருக்கும், மவுன்ட் மறுக்கும். அப்போது ‘மவுன்ட் -ஓ நோயுயுஐடி’ கொடுங்கள். அந்த யுயுஐடியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் திரும்ப மாட்டியதும் ரூட் பார்ட்டிஷனே கிடைக்காமல் போகும்.